எழுபத்து மூன்று டிகிரி

காலை ஐந்தேகாலுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவினான். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு பாட்டில்கள் உருகித் தயாராக இருந்தன. ஒன்றை எடுத்தான். மற்றது மதியத்துக்கு. பாலை, ஜாம் வந்த பழைய கண்ணாடி ஜாடியில் ஊற்றினான். ஜாடியை அலுமினியப் பாத்திரத்தின் நடுவில் வைத்து, பால் மட்டத்துக்கு மேலே இரண்டு விரற்கடை நிற்கும்படி தண்ணீர் ஊற்றினான். தெர்மாமீட்டரின் கம்பியைப் பாலுக்குள் இறக்கினான். அடுப்பைப் பெரிதாக எரியவிட்டான்.

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஜாடியை இடுக்கியால் தூக்கி வெளியே வைத்தான். எழுபத்து மூன்று டிகிரி. சுவரில் தொங்கிய அட்டையில் தேதியைப் போட்டு 73 என்று எழுதினான். கம்பியை எடுத்துக் கழுவித் துடைத்துவிட்டு, தெர்மாமீட்டரில் அழிக்கிற பொத்தானை அழுத்தினான். அதன் ஞாபகத்தில் இருந்த எண் அழிந்தது. பால் ஆற இருபது நிமிடம். அதற்குள் குளித்தான்.

குழந்தைக்கு நாலரை மாதம். பிறந்தபோது இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. சுண்டெலி என்று அவன் பெண்டாட்டிதான் பெயர் வைத்தாள். சான்றிதழில் வேறு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. சுண்டெலி அவன் மடியில் கிடந்து தொண்ணூறு மில்லியையும் ஒரே மூச்சில் குடித்தது. ஏப்பம் விட்டது. அவன் சட்டையில் கொஞ்சம் கக்கியது. சட்டையை மாற்றினான்.

அவள் செத்து இருபத்தைந்து நாள் ஆகியிருந்தது. அவன் இன்னும் ஒரு சொட்டு அழவில்லை. கல் மாதிரி இருக்கிறான் என்று சிலர் அவன் காதுபடவே சொன்னார்கள். இருக்கலாம். அடுப்பைப் பற்றவைக்கவும் எண்ணை எழுதவும் கல்லாக இருப்பது தோதாகத்தான் இருந்தது.

அக்கா கொட்டாவி விட்டபடி வந்தாள். அவனைவிடப் பதினொரு வயது மூத்தவள், செத்தவளுக்கு அண்ணி. துணிக்கடையில் பில் போடுகிற வேலை. தம்பி பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் படுத்த அன்று ஒரு பையோடு வந்து இறங்கியவள், இன்னும் திரும்பிப் போகவில்லை.

"விடியறதுக்குள்ள ஆராய்ச்சி முடிஞ்சுதா, விஞ்ஞானி?"

"ம்."

"தாய்ப்பாலக் காய்ச்சிக் குடுக்கற வீடு உலகத்துலயே இது ஒண்ணுதான்டா. நானும் ரெண்டு பெத்தவதான்."

"டாக்டர் சொன்னதுதான்க்கா. ஃப்ரீசர்ல வெச்ச பால். கிருமி சேரும்."

"டாக்டர் ஆயிரம் சொல்லுவான். அவனா பெத்தான்?"

"மதியத்துக்கு மறக்காத. தண்ணி கொதிக்கணும். கம்பி உள்ள இருக்கணும்."

"கம்பிய விடுவேனா? தெனமும் அதத்தான் மொதல்ல போடறேன். நீ கெளம்பு, பஸ் போயிடும்."

அவன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே போன் அடித்தது. யாரோ தூரத்து உறவு. அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். "ஆமா... ஆமா... கடைசியா பாப்பாவப் பாத்துக்கோன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கா. அவ்வளவுதான். கண்ண மூடிட்டா."

அவன் பெண்டாட்டி அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு, கடைசியா என்ன சொன்னா, என்ன சொன்னா என்று கேட்டபோது அவன் வாயில் வந்தது அது. எல்லாருக்கும் அது பிடித்துப்போயிற்று. இப்போது ஒரு சுற்றுச் சுற்றி அவன் காதுக்கே திரும்பி வருகிறது.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

அவளுக்கு எச்.ஐ.வி. இருந்தது. பிறந்ததிலிருந்தே. அதை அவள் அவனிடம் சொன்னது கல்லூரி கேன்டீனில். "ஒண்ணு சொல்லப்போறேன். கேட்டுட்டு ஓடறதா இருந்தா தாராளமா ஓடு. டீக்கு நான் காசு குடுத்துடறேன்" என்று ஆரம்பித்தாள். அவன் ஓடவில்லை. டீ ஆறிப்போயிற்று, அவ்வளவுதான். அவளுடைய அம்மா அவளுக்கு ஆறு வயதில் போனவள். அப்பா அதற்கும் முன்னால். விடுதியில் வளர்ந்தாள். மாத்திரை சாப்பிடுகிற நேரத்துக்கு அவளுக்குக் கடிகாரமே தேவையில்லை. வயிற்றுக்குள் மணி அடிக்கும் என்பாள்.

கல்யாணமாகி நாலு வருடம். அவனுக்கு ஒவ்வொரு தடவை ரத்தம் பார்த்தபோதும் இல்லை என்றே வந்தது. அவள் உடம்பில் கிருமியின் கணக்கு அவ்வளவு கீழே இருந்தது, மெஷினுக்கே தெரியாத அளவுக்கு. அவன் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று அவள் பலமுறை சொன்னாள். மெதுவா சொல்லலாம் என்று அவன் பலமுறை சொன்னான். அவளுக்கு ஒளிக்கிற பழக்கமே கிடையாது. ஒளித்தது அவன்தான்.

கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில் கணக்கு ஏறியது. பிறந்ததிலிருந்து சாப்பிட்ட மாத்திரைகள் பிடி விட்டுப்போயிருந்தன. மாத்திரையை மாற்றினார்கள். "கணக்கு பழையபடி இருந்திருந்தா, நேரடியாவே பால் குடுங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றாள் கிளினிக்கில் இருந்த ஆலோசகர். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிற, வளவளவென்று பேசாத பெண். "இப்ப அப்படிச் சொல்ல முடியாது. டின் பால் குடுக்கலாம். இல்லேன்னா உங்க பாலையே எடுத்து, ஜாடில ஊத்தி, கொதிக்கற தண்ணில வெச்சுச் சூடு பண்ணிக் குடுக்கலாம். கிருமி செத்துடும். ஆனா தெனமும் எட்டு வேள. சலிப்பு வரக்கூடாது."

டின் பால் போதுமே என்றான் அவன்.

அவள் கேட்கவில்லை. அவளுக்கு இந்த நோய் அம்மாவின் பாலில்தான் வந்தது என்று சித்தி சொல்லியிருந்தாள். பாலிலா, பிரசவத்திலா, யாருக்குத் தெரியும்? ஆனால் அவள் மனதில் பால் என்றே பதிந்திருந்தது. "எங்கம்மாவுக்குத் தெரியாது, அப்படியே குடுத்துட்டா. எனக்குத் தெரியும். நான் கிருமிய எடுத்துட்டுக் குடுக்கறேன்" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "என் பால், உன் அடுப்பு. கூட்டு வியாபாரம். லாபத்துல பாதி உனக்கு" என்றாள்.

அப்படித்தான் அவன் வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு தெர்மாமீட்டர் வீட்டுக்கு வந்தது. ஆலோசகர் தண்ணீர் கொதித்தால் போதும் என்றுதான் சொன்னாள். அவனுக்கு எண் வேண்டியிருந்தது. முதல் நாள் பார்த்தான், எழுபத்து மூன்று. மறுநாளும் எழுபத்து மூன்று. அது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. குழந்தைக்குப் பிறந்ததும் ஒரு பரிசோதனை, ஆறாம் வாரம் ஒரு பரிசோதனை. இரண்டிலும் இல்லை. பன்னிரண்டு வாரத்தோடு குழந்தைக்குக் கொடுத்துவந்த சிரப்பையும் நிறுத்தினார்கள். அந்த வாரம் அவள் கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே கைதட்டிக்கொண்டாள்.

பதினான்காம் வாரம் காய்ச்சல். தலைவலி. மூளையில் காசநோய் என்றார்கள். ஆஸ்பத்திரியில் பதினொரு நாள்.

அவனுக்கு வேலை குளிர்கிடங்கில். மீன், பட்டாணி, சோளம் எல்லாம் உறைந்து கிடக்கிற கட்டிடம். பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. ஒவ்வொரு அறையிலும் ஒரு மணிக்கொரு தரம் எண்ணைப் பார்த்து எழுதுவது, வருகிற லாரியில் சரக்கு வழியில் உருகியதா என்று பார்ப்பது. டிகிரி வாங்கிவிட்டு டிகிரி பார்க்கிறான் என்று அவள் கேலி செய்வாள்.

மூன்றாம் அறையில், பட்டாணிப் பெட்டிகளுக்குப் பின்னால், ஒரு தெர்மோகோல் பெட்டி. 'மாதிரி. தொடாதே' என்று அவன் கையெழுத்து. அதற்குள் அவளுடைய பால். முதல் மாதங்களில் குழந்தைக்குப் போக மிஞ்சியதெல்லாம், தேதி எழுதிய சிறு பாட்டில்களில். வீட்டு ஃப்ரிட்ஜை நம்ப முடியாது, கரண்ட் அடிக்கடி போகும். எடுத்தபடியே உறையவைத்து, கொடுக்கிற அன்று காய்ச்சவேண்டும். தினமும் சாயங்காலம் இரண்டு பாட்டிலை ஐஸ் டப்பாவில் வைத்து எடுத்துப்போவான். காலையில் ஒன்று அவன் கையால், மதியம் ஒன்று அக்கா கையால். மற்ற வேளைக்கு டின் பால்.

இந்தப் பெட்டியைப் பற்றித் தெரிந்த இன்னொரு ஆள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பெரியவர். ஆறடி உயரம். எப்போது பார்த்தாலும் மூன்று ஸ்வெட்டர். பனிக்கரடி என்றுதான் கிடங்கே அவரைக் கூப்பிடும். பெட்டியில் பால் என்று தெரியும், வேறொன்றும் தெரியாது. கேட்கவும் மாட்டார்.

அன்று பகலில் ஒரு மீன் லாரி வந்தது. பெட்டியைத் திறந்தால் மேல் அடுக்கு மீன்கள் ஒன்றோடொன்று ஒட்டி மறுபடி உறைந்திருந்தன. வழியில் உருகியதற்கு அதுதான் அடையாளம்.

"பதினெட்டுல இருந்து இம்மி நகரலை சார். வழி பூரா நான் பாத்துக்கிட்டே வந்தேன்" என்றான் டிரைவர்.

அவன் லாரிக்குள் பொருத்தியிருந்த தெர்மாமீட்டரின் பொத்தானை அழுத்தினான். கடைசியாக அழித்ததிலிருந்து அது தொட்ட அதிகபட்சச் சூட்டை அது மறக்காமல் வைத்திருக்கும். எத்தனை மணிக்கு, யார் செய்தது என்றெல்லாம் சொல்லாது. எண்ணை மட்டும் சொல்லும். பூஜ்யத்துக்குக் கீழே மூன்று.

"எங்கயோ மெஷின அணைச்சிட்டுத் தூங்கியிருக்கீங்க" என்றான் அவன்.

"அது பொய் சொல்லுது சார்."

"அது ஏம்ப்பா பொய் சொல்லணும்?" என்றார் பனிக்கரடி, வண்டியில் உட்கார்ந்தபடி. "அதுக்கென்ன பொண்டாட்டியா, புள்ளையா, வீட்டுல போய்ச் சமாளிக்கறதுக்கு?"

சொன்ன பிறகுதான் யார் பக்கத்தில் நிற்கிறான் என்று அவருக்கு உறைத்தது. ஸ்வெட்டருக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டார். அவன் ஒன்றும் நினைக்கவில்லை. நிராகரிப்புச் சீட்டில் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

வீட்டுக்கு வந்தபோது ஐந்து மணி. சுண்டெலி தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். கொண்டுவந்த இரண்டு பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, கை கழுவப் போனான். கழுவிய ஜாடி கவிழ்த்திருந்தது. பக்கத்தில் தெர்மாமீட்டர், கம்பியைச் சுற்றி நேர்த்தியாக வைக்கப்பட்டிருந்தது. தினமும் அப்படித்தான் இருக்கும். சாயங்காலத்தில் அவன் அதைத் தொடுவதில்லை, காலையில்தான் தொடுவான். அன்று பகல் முழுக்க அந்த லாரிக்காரனோடு மல்லுக்கட்டிய விரல். தானாகப் போய், அதிகபட்சத்தைக் காட்டுகிற பொத்தானை அழுத்தியது.

38.

பேட்டரி போய்விட்டதோ என்று பார்த்தான். மறுபடி அழுத்தினான்.

38.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"அக்கா. மதியப் பால் காய்ச்சினியா?"

"சமத்தா குடிச்சுட்டுத் தூங்குறா பாரு."

"காய்ச்சினியான்னு கேட்டேன்."

"சூடு காட்டினேன்."

"கொதிச்சுதா?"

அக்கா மடித்த துணியைக் கீழே வைத்தாள். "என்னடா இது, கோர்ட்டு மாதிரி? சரி, கேட்டுட்ட, சொல்லிடறேன். கோவிச்சுக்காத. மொதல்ல நாலு நாள் நீ சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். அப்புறம் மனசு கேக்கலடா. அந்தப் பொண்ணு அங்க நெனப்பு தப்பிக் கெடக்கறா. இங்க அவ பால அடுப்புல போட்டு வாட்டறோமேன்னு இருந்துச்சு. சத்தெல்லாம் போயிடாதா? அதான் வெந்நீர்ல வெச்சு வெதுவெதுன்னு எடுத்துக் குடுத்தேன். அவ நெஞ்சுலேர்ந்து வந்தா என்ன சூடு இருக்குமோ, அந்தச் சூடு."

"கம்பி?"

"கம்பியப் போட்டேனே! நீ போடச் சொன்னியே, போட்டேன்." அக்கா கொஞ்சம் சிரித்தாள். "கன்னத்தப் பாரு அவளுக்கு. உன் ஆராய்ச்சில வந்ததா அது? என் கை."

அவன் கணக்குப் போட்டான். அக்கா வந்து முப்பத்தாறு நாள். நாலு போக முப்பத்திரண்டு.

சமையலறை வாசற்படியில் உட்கார்ந்தான். நாலு வருடமாகத் தள்ளிப்போட்ட வார்த்தை. எப்படி ஆரம்பிப்பது என்று ஒவ்வொரு தடவையும் யோசித்து யோசித்து விட்டது. இப்போது யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"அவளுக்கு எச்.ஐ.வி. இருந்துச்சுக்கா. பொறந்ததுலேர்ந்து. அந்தக் கிருமி பால்ல வரும். அதுக்குத்தான் காய்ச்சறது."

அக்கா அவனையே பார்த்தாள். கையில் சுண்டெலியின் குட்டிச் சட்டை ஒன்று இருந்தது.

"உனக்கு?"

"இல்ல."

"பாப்பாவுக்கு?"

"இல்லாம இருந்துச்சு."

கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் எழுந்து போய்ச் சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தாள். தேதிக்கு எதிரே 73, 73, 73 என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. தினம் அதற்கு எதிரில் நின்று சமைத்தவள்தான். இப்போதுதான் படிக்கிறாள்.

"என்கிட்ட ஏண்டா சொல்லல?"

அவன் தரையைப் பார்த்தான்.

"கேக்கறேன்ல? நான் என்ன செஞ்சுடுவேன்னு பயந்த? வீட்ட விட்டுத் தொரத்திடுவேன்னா? தெருவுல நின்னு தமுக்கு அடிப்பேன்னா?" குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஆஸ்பத்திரில அவளுக்கு நான்தான்டா உடம்பு தொடச்சேன். மூணு நாள். தெரிஞ்சிருந்தாலும் தொடச்சிருப்பேன். சொல்லியிருந்தா... அந்தப் பால ஒரு தடவ இல்ல, ஒம்போது தடவ காய்ச்சியிருப்பேனே. பக்கத்துலயே நின்னு காய்ச்சியிருப்பேனேடா."

"தெரியும்க்கா."

"என்னத்தத் தெரியும்? மண்ணாங்கட்டி தெரியும்."

சுண்டெலி முழித்துக்கொண்டு சிணுங்கியது. அக்கா இரண்டடி எடுத்து வைத்துவிட்டு நின்றாள். தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அவன்தான் போய்த் தூக்கினான்.

மறுநாள் கிளினிக் திறக்கும்போது மூவரும் வாசலில் இருந்தார்கள். பச்சை பெஞ்ச், நம்பர் சீட்டு, ஒரு பக்கம் இறக்கை இல்லாத மின்விசிறி. ஆலோசகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினாள்.

"காய்ச்சாத பால் கடைசியா எப்ப குடுத்தது?"

"நேத்து மதியம். பன்னெண்டரை" என்றாள் அக்கா.

"எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள இருக்கோம். சிரப்ப இன்னிக்கே திரும்ப ஆரம்பிக்கலாம். ஆனா அது நேத்துக் குடுத்ததுக்குத்தான் காவல். அதுக்கு முன்னால குடுத்ததுக்கு இல்ல." பேனாவை நிறுத்தினாள். "கூடவே டின் பாலும் போயிருக்கு?"

"ஆமா" என்றான்.

"காய்ச்சின பாலும் டின் பாலும் போனா பயமில்ல. காய்ச்சாத பாலும் டின் பாலும் சேர்ந்து போறதுதான் கூடாதது. டின் பால் குடலை லேசா புண்ணாக்கும். கிருமிக்கு அது கதவு தெறந்து விட்ட மாதிரி." சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "யாரு குடுத்தது?"

"நான்தான்" என்றாள் அக்கா. "நான் இவனோட அக்கா."

"தெரிஞ்சேவா?"

"தெரியாது."

ஆலோசகர் அவனைப் பார்த்தாள். ரொம்ப நேரமெல்லாம் இல்லை. பக்கத்தைத் திருப்புகிற நேரம்தான்.

நர்ஸ் குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தினாள். ஐந்து வட்டம் போட்ட ஒரு அட்டை. வட்டத்துக்கு ஒரு சொட்டு. சுண்டெலி மூச்சடக்கி, முகம் கறுத்து, பிறகு கட்டிடமே அதிரக் கத்தியது. "என் செல்லம், என் தங்கம், முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தது அக்காதான். ஆனால் தூக்கவில்லை. "பிடிங்கம்மா, நீங்கதான பெரியவங்க?" என்று நர்ஸ் அதட்டிக் கையில் திணித்த பிறகுதான் வாங்கினாள். வாங்கியதும் குழந்தை அழுகையை நிறுத்தியது. அக்கா அழ ஆரம்பித்தாள்.

முடிவு வரப் பன்னிரண்டு நாள் என்றார்கள்.

அந்தப் பன்னிரண்டு நாளும் வீட்டில் அடுப்பு டின் பாலுக்கான வெந்நீருக்கு மட்டும் எரிந்தது. காலையில் அவன் எழுந்து வருவதற்குள் அக்கா எழுந்திருப்பாள். சிரப் கொடுக்கிற சொட்டுக்குழலை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கோடு பார்ப்பாள். சுவர் அட்டையில் பேனாவால் புதிதாக ஒரு பத்தி போட்டுக்கொண்டாள். காலை ஏழு, சாயங்காலம் ஏழு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக். கடைக்குப் போன் செய்து, இந்த மாதமும் வரமாட்டேன், வேற ஆள் பார்த்துக்கிட்டாலும் பரவாயில்லை என்றாள். அவனிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். விஞ்ஞானி என்று கூப்பிடவில்லை.

மூன்றாம் அறைப் பெட்டியில் பதினாலு பாட்டில் மிச்சம் இருந்தது. தினமும் அங்கே போய் அறையின் எண்ணைப் பார்த்து எழுதுவான். பெட்டியைத் திறக்கமாட்டான்.

"மாதிரிய எடுத்துட்டுப் போறதே இல்லையே இப்பல்லாம்?" என்றார் பனிக்கரடி ஒருநாள்.

"வேணாம்னுட்டாங்க."

"அப்ப எடத்த அடைச்சுக்கிட்டு எதுக்கு?"

அவர் ஃபோர்க்லிஃப்டைக் கிளப்பி, பட்டாணிப் பெட்டிகளை நகர்த்தும்போது அந்தப் பெட்டியை மட்டும் சுற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான் போனார்.

பதிமூன்றாம் நாள் ஆலோசகர் போன் செய்தாள். "நேர்ல வாங்க. அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

இல்லை என்றால் போனிலேயே சொல்லியிருப்பாள். அது அவனுக்குத் தெரியும். இரண்டு தடவை அப்படித்தான் சொன்னாள். ஆறாம் வாரம் அவன் பெண்டாட்டி போனைப் பிடுங்கி, "இன்னொரு தடவ சொல்லுங்க, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று நாலு தடவை கேட்டாள்.

ஆலோசகர் சுற்றி வளைக்கவில்லை. "இருக்கு. இன்னொரு தடவ ரத்தம் எடுத்து உறுதி பண்ணுவோம். ஆனா அதுக்காகக் காத்திருக்க முடியாது. மருந்த இன்னிக்கே தொடங்கணும்." பிறகு, வழக்கத்துக்கு மாறாக, இன்னும் இரண்டு வாக்கியம் பேசினாள். "உங்க வொய்ஃப் சின்னப் பிள்ளையா இருந்தப்ப இல்லாத மருந்தெல்லாம் இப்ப இருக்கு. இவ வளருவா, படிப்பா, எல்லாம் செய்வா."

அவன் தலையாட்டினான். அவளும் வளர்ந்தாள், படித்தாள், எல்லாம் செய்தாள் என்று நினைத்துக்கொண்டான்.

"மிச்சப் பால் இருக்கா?"

"பதினாலு பாட்டில்."

"கொட்டிடுங்க."

வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவளிடம் கொடுத்திருந்த மருந்துப் பையை வழியெல்லாம் விடவே இல்லை.

அவன் அன்று சாயங்காலமே கிடங்குக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்தான். பனிக்கரடி வாசல் வரை தூக்கிக்கொண்டு வந்து ஆட்டோவில் வைத்தார். கேட்கவில்லை.

பாட்டில்கள் கல்லாக இருந்தன. வாளியில் வெந்நீர் பிடித்து அதற்குள் போட்டார்கள். ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் தேதி. சிலவற்றில் தேதிக்குப் பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தாள். 'நல்ல நாள்.' 'சுண்டெலி சிரித்தது. காற்று என்கிறான் அப்பன். இல்லை.' 'தூக்கம் வருது.' அக்கா படித்துப் படித்து மூடியைத் திறந்தாள். அவன் வாங்கி, கழுவுதொட்டியில் ஊற்றினான். பால் வெள்ளையாகப் போய், ஓட்டையில் சுழன்று, இறங்கியது. குழாயைத் திறந்துவிட்டான்.

எட்டாவதோ ஒன்பதாவதோ பாட்டிலில் அக்காவின் கை நின்றது.

"நாந்தான்டா குடுத்தேன்" என்றாள். "முப்பத்திரண்டு நாள். நீ குடுத்த பால் சரியா இருந்துச்சு. நான் குடுத்ததுதான். எமனுக்கு வேலை வெக்காம நானே கையால குடுத்தேன்."

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"பின்ன எப்படி? வேற யாரு குடுத்தா? சொல்லு." ஈரக்கையால் முகத்தைத் துடைத்தாள். "நாளைக்கு இவ வளந்து கேப்பா. எனக்கு யாரு குடுத்தான்னு கேப்பா. அத்தைன்னு சொல்லு. மறைக்காத. இத ஒண்ணயாச்சும் மறைக்காத."

அவன் குழாயை மூடினான்.

"அவளுக்கு என் மேல நம்பிக்கை இருந்துச்சாடா?" என்றாள் அக்கா. பாட்டிலைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள். "பாப்பாவப் பாத்துக்கோன்னு உன்கிட்ட சொன்னா. என்னப்பத்தி ஒரு வார்த்த சொல்லலியா?"

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் இது இப்படியே போய்விடும். பழி அக்காவிடமே இருக்கும். ஊரிடமிருந்தும் சுண்டெலியிடமிருந்தும் அக்கா அதை வாங்கிக்கொண்டே இருப்பாள். மூச்சு விடமாட்டாள். அவனுக்கு அது தெரிந்தது. அவள் அப்படிப்பட்டவள்தான் என்று நாலு வருடமாகவே தெரிந்திருக்க வேண்டும்.

"பாப்பாவப் பாத்துக்கோன்னு அவ சொல்லவே இல்லக்கா" என்றான்.

அக்கா திரும்பினாள்.

"வாசல்ல எல்லாரும் கேட்டாங்க. நான் சும்மா சொன்னேன்."

"பின்ன என்ன சொன்னா?"

ஆஸ்பத்திரியில் நாலாம் நாள். சாயங்காலம், பார்வையாளர் நேரம் முடிய மணி அடித்துவிட்டார்கள். அக்கா குழந்தைக்காக வீட்டுக்குப் போயிருந்தாள். அவன் ஃபிளாஸ்க்கைப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். அவள் மூக்கில் இருந்த மாஸ்க்கைத் தானே கீழே இழுத்துவிட்டு, மதியப் பால் யார் கொடுப்பது என்று கேட்டாள். அக்கா என்றான். காரணம் தெரியுமா என்று கேட்டாள். அவன் பேசாமல் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகினான். அவள் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். சிரிக்கிற மாதிரி இருந்தது. நர்ஸ் வந்து மாஸ்க்கைத் திரும்ப வைப்பதற்குள் அவள் இன்னொன்று சொன்னாள். அதன் பிறகு ஏழு நாள் உயிரோடு இருந்தாள். வாய் திறக்கவில்லை.

அவன் இதையெல்லாம் அக்காவிடம் சொன்னான். அவள் கேட்டதை. இவன் பதில் சொல்லாததை. மூடியைத் திருகியதை. சொல்லிக்கொண்டே வந்தவன் கடைசி வார்த்தையில் நின்றான். இருமினான். அக்கா பாட்டிலைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள்.

பிறகு அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொன்னான்:

"அண்ணிகிட்ட சொல்லிடு. கடிச்சா தின்னுடப் போறாங்க?"